பொருள் கேட்டலாக் தயாரிப்பைத் தானியக்கமாக்குவது எப்படி?

ஒரு தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொள்வோம். அது 500, 750, 1000 மி.லி. என மூன்று கொள்ளளவுகளிலும், ஒவ்வொன்றும் நான்கு நிறங்களிலும் விற்பனைக்கு வருகிறது; ஆக மொத்தம் 12 பொருள்கள். 750 மி.லி. குடுவையின் எடை கிடங்கின் எக்செல் கோப்பில் ஒன்றாகவும், பெட்டியின் மேல் வேறாகவும், இணையதளத்தில் இன்னொன்றாகவும், சென்ற ஆண்டு கேட்டலாக்கில் இவை எதிலும் சேராத நான்காவது எண்ணாகவும் இருக்கும். புதிய கேட்டலாக்குக்கான நேரம் வந்ததும் வடிவமைப்பாளர் பழைய பக்கங்களை நகலெடுத்து, பலரும் மின்னஞ்சலில் அனுப்பிய திருத்தங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யத் தொடங்குவார். நான்கில் எந்த எடை சரியானது என்று அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்வது அவருடைய வேலையும் அன்று.

கேட்டலாக் தயாரிப்பைத் தானியக்கமாக்கலாம் என்றவுடன் பலருடைய எண்ணமும் பக்க வடிவமைப்பு மென்பொருளின் பக்கம்தான் போகிறது. பொத்தானை அழுத்தினால் நூறு பக்கம் வந்து விழும் காட்சி கவர்ச்சியானதுதான். ஆனால் அது கடைசியில் வரும் வேலை, மொத்த உழைப்பில் சிறிய பங்கும்கூட. பொருளைப் பற்றிய ஒவ்வொரு தகவலும் ஒரே இடத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும், அதை மாற்றும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்து முடிப்பதுதான் பெரிய வேலை. அது முடிந்துவிட்டால் அச்சுக் கேட்டலாக், இணையதளம், விலைப்பட்டியல், பெட்டி லேபிள் ஆகிய அனைத்தும் அந்த ஓரிடத்திலிருந்து எடுக்கப்படும் நகல்களாகிவிடும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்பதைக் கீழே படிப்படியாக எழுதியுள்ளேன்.

படி 1: ஒரு பொருளின் தடத்தைப் பின்தொடருங்கள்

ஒரேயொரு பொருளைத் தேர்ந்தெடுத்து, கேட்டலாக்கில் அதற்கு அச்சாகியுள்ள ஒவ்வொரு சொல்லும் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் செல்லுங்கள். பெயர் விற்பனைப் பிரிவிலிருந்தும், அளவுகள் உற்பத்திப் பிரிவின் வரைபடத்திலிருந்தும், விலை கணக்கு மென்பொருளிலிருந்தும், படம் புகைப்படக்காரர் தந்த ஹார்டு டிஸ்க்கிலிருந்தும், விளக்கவுரை எவருக்கும் நினைவில்லாத ஓரிடத்திலிருந்தும் வந்திருப்பது தெரியவரும். இதற்கு ஒழுங்கான பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதிகமான வகைகளும், அடிக்கடி மாறும் உதிரிப் பாகங்களும், மூன்று விதமான பெயர்களும் கொண்ட சிக்கலான பொருளையே எடுங்கள். அதற்குத் தீர்வு கண்டுவிட்டால் மற்றவை எளிதாக வழிக்கு வரும்.

கண்டறிந்தவற்றை மூன்று நிரல்கள் கொண்ட அட்டவணையாக எழுதுங்கள்: தகவல், அது இப்போது இருக்கும் இடங்கள், இனி அதை மாற்ற உரியவர். மூன்றாவது நிரலை நிரப்புவதற்குத்தான் கூட்டம் போட வேண்டியிருக்கும். ‘விற்பனைப் பிரிவு’ என்று எழுதினால் போதாது. அப்பிரிவில் எவர் என்பது வேண்டும். ஒரு தகவலுக்கு இருவர் உரியவர்கள் என்று முடிவாகுமானால், உண்மையில் அதற்கு எவரும் பொறுப்பேற்கவில்லை என்றே கொள்ளலாம்.

மையப்படுத்துதல் என்பதை எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் புதிதாகத் தட்டச்சு செய்வது என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை. விலை கணக்கு மென்பொருளிலேயே உருவாகிறது என்றால் அங்கேயே இருக்கட்டும். மையத் தரவகம் அதை நாள்தோறும் எடுத்துக்கொள்ளும், ஆனால் மையத்தில் எவராலும் அதைத் திருத்த முடியாதபடி பூட்டி வைத்திருக்கும். ஒரே செய்தியைப் பல இடங்களில் சேமித்தால் அவை ஒன்றோடொன்று முரண்படும் என்பது தரவுத்தளத் துறையின் பழைய பாடம். 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட், தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் தரவுத்தளங்களுக்கு அடித்தளமிட்ட கட்டுரையிலேயே இது பேசப்பட்டிருக்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நம் எக்செல் கோப்புகள் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

படி 2: அடையாள எண்ணை உறுதிசெய்யுங்கள்

விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும், அதாவது நம் எடுத்துக்காட்டில் 12 குடுவைகளுக்கும் தனித்தனியே, ஒருபோதும் மாறாத ஓர் எண் வேண்டும். படமும் விலையும் விளக்கவுரையும் அந்த எண்ணின் வழியாகத்தான் ஒன்றுசேரும். பெயரை இணைப்பாகப் பயன்படுத்த முடியாது. ‘நீலக் குடுவை 750’ என்பதும் ‘குடுவை 750 நீலம்’ என்பதும் மனிதருக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு.

எண்ணுக்குள் அர்த்தத்தைப் புதைத்து வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் இரண்டு இலக்கம் வகை, அடுத்த மூன்று கொள்ளளவு, கடைசி ஒன்று நிறம் என்று அழகாகத் தொடங்குவார்கள். பத்து நிறங்களுக்கு இடம் வைத்த ஓரிலக்கத்தில் பதினோராவது நிறம் வந்து நிற்கும்போது அழகு கலைந்துவிடும். எண் வெறும் எண்ணாக இருப்பதே நல்லது. நிறத்தைச் சொல்ல நிறத்துக்கென ஒரு புலம் (பதிவில் ஒரு தகவலுக்கென உள்ள இடம்) இருக்கிறது. அதேபோல், விற்பனை நிறுத்தப்பட்ட பொருளின் எண்ணைப் புதிய பொருளுக்குக் கொடுக்கவே கூடாது. பழைய கேட்டலாக்கை வைத்துக்கொண்டு எவராவது ஒருவர் ஆர்டர் அனுப்புவார்.

உள் எண்ணோடு பார்கோடு எண்ணும் இருக்கும். பார்கோடு எண்களுக்கான உலகளாவிய அமைப்பான ஜி.எஸ்.1 வகுத்த முறையில் அமைந்த 13 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கமாகும். அதைக் கொண்டு எண் சரியாகத் தட்டச்சு செய்யப்பட்டுள்ளதா என்பதை எவரையும் கேட்காமலே அறியலாம். 2001234567893 என்ற எண்ணைப் பாருங்கள் (2இல் தொடங்கும் எண்கள் உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை என்பதால் இது எந்த நிறுவனத்தின் பொருளையும் குறிக்காது). முதல் 12 இலக்கங்களில் இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 22. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 25, அதை மூன்றால் பெருக்கினால் 75. இரண்டும் சேர்ந்து 97. அடுத்த பத்தின் மடங்கான 100ஐ எட்டுவதற்கு 3 தேவை. ஆகவே கடைசி இலக்கம் 3. இந்தக் கணக்கை எக்செல்லிலேயே ஒரு சூத்திரமாக எழுதிவிடலாம்.

எக்செல் பற்றிய எச்சரிக்கையும் இங்கேதான் சொல்லப்பட வேண்டும். சி.எஸ்.வி. கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் உரைக் கோப்பு) இருமுறை சொடுக்கி எக்செல்லில் திறந்தால், மேற்கண்ட 13 இலக்க எண் சுருக்கப்பட்டு, பத்தின் அடுக்காகத் திரையில் தோன்றும். அப்படியே சேமித்தீர்களானால், திரையில் தெரிந்த சுருக்கமே கோப்பில் எழுதப்படும். மறுமுறை திறக்கையில் எண் 2001230000000 என்று ஆகியிருக்கும். அந்த வரிசையில் வரும் 12 குடுவைகளுக்கும் ஒரே எண்! முன்னால் சுழியம் உள்ள எண்களில் சுழியம் மறைந்துவிடும். ‘3-4’ என்ற அளவு ஒரு தேதியாக மாறிவிடும். இது நம்முடைய சிறு தொல்லை மட்டுமன்று. மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற நேர்ந்தது. எனவே எண் நிரல்களை ‘உரை’ வகையாக முன்கூட்டியே அறிவித்து, கோப்பைத் திறக்காமல் ‘தரவு இறக்குமதி’ வழியாகக் கொண்டுவரும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சரிபார்ப்புக் கணக்கு 2001230000000 என்ற எண்ணைப் பிழை என்று உடனே காட்டிக்கொடுக்கும். கடைசி இலக்கம் அங்கே 4 ஆக இருந்திருக்க வேண்டும்.

படி 3: குடும்பங்களும் பண்புகளும்

இனி ஒவ்வொரு பொருளைப் பற்றியும் எவற்றைப் பதிவு செய்வது என்பதை முடிவுசெய்ய வேண்டும். குடுவைக்குக் கொள்ளளவு உண்டு, திருகாணிக்குக் கிடையாது. திருகாணிக்கு விட்டமும் நீளமும் உண்டு. ஒரே மாதிரியான பண்புகளைக் கொண்ட பொருள்களை ஒரு குடும்பமாகப் பிரித்து, அந்தக் குடும்பத்துக்கு எந்தப் பண்புகள் கட்டாயம், எவை விருப்பம் என்று வரையறுங்கள். குடும்பமும் கேட்டலாக் அத்தியாயமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. குடும்பம் பொருளின் இயல்பைப் பொறுத்தது. அத்தியாயம் விற்பனையின் விருப்பத்தைப் பொறுத்தது, அடுத்த ஆண்டே மாறக்கூடியது. ஒரே குடுவை ‘சமையலறை’ அத்தியாயத்திலும் ‘பயணம்’ அத்தியாயத்திலும் வரலாம்; அதற்காக அதன் எடையை இரண்டு முறை எழுத வேண்டியதில்லை.

குடும்பங்களை நீங்களே கண்டுபிடிக்கத் தேவையில்லாத துறைகளும் உண்டு. மின்பொருள்கள் போன்ற தொழில்நுட்பப் பொருள்களுக்கு இ.டி.ஐ.எம். என்ற வகைப்பாடும், பல தொழில்களுக்கும் பொதுவாக இகிளாஸ் என்ற வகைப்பாடும் உள்ளன. ஒவ்வொரு வகைக்கும் என்னென்ன பண்புகள், எந்த அலகில் என்பதை அவை வரையறுத்தே தருகின்றன. யு.என்.எஸ்.பி.எஸ்.சி. என்ற எட்டு இலக்க வகைப்பாடோ பொருளை எந்தப் பெட்டியில் போடுவது என்பதை மட்டுமே சொல்லும், பண்புகளைச் சொல்லாது. கொள்முதல் செய்பவர்களுக்கு அது போதும், கேட்டலாக் போடுபவர்களுக்குப் போதாது.

அடுத்து, பொதுவானதையும் தனியானதையும் பிரிக்க வேண்டும். குடுவையின் பெயர், மூலப்பொருள், மூடியின் வகை, விளக்கவுரை ஆகியவை 12 வகைகளுக்கும் பொதுவானவை. எனவே ‘தாய்ப் பொருள்’ என்ற ஒரு பதிவில் ஒருமுறை மட்டும் எழுதப்பட வேண்டும். எடையும் உயரமும் கொள்ளளவுக்கு ஏற்ப மாறுபவை. ஆகவே மூன்று முறை எழுதப்படும். பார்கோடு எண்ணும் படமும் மட்டுமே 12 முறையும் வரும். இப்படி மூன்று அடுக்காக வைத்தால், மூடியின் வகை மாறும் நாளில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். தட்டையான ஓர் எக்செல் தாளில் 12 வரிகளிலும் மாற்ற வேண்டியிருந்திருக்கும். அவற்றில் 11 மாறி ஒன்று விட்டுப்போயிருக்கும்.

மதிப்பையும் அலகையும் எப்போதும் பிரித்து வையுங்கள். ‘750 மி.லி.’, ‘750மிலி’, ‘0.75 லி’, ‘முக்கால் லிட்டர்’ என்று நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். எண் புலத்தில் 750, அலகுப் புலத்தில் மில்லிலிட்டர் என்று மட்டும் பதிவாகியிருந்தால், அதை லிட்டராகக் காட்டுவதா, எண்ணுக்கும் அலகுக்கும் இடையே இடைவெளி விடுவதா என்பனவற்றை அச்சு வார்ப்புரு (தரவு வந்து நிரம்பும் மாதிரிப் பக்கம்) பார்த்துக்கொள்ளும். நிறம், மூலப்பொருள் போன்றவற்றைத் தட்டச்சு செய்யவே விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். கேட்டலாக்கை வேறொரு மொழியில் வெளியிட வேண்டியிருந்தால், இந்தப் பட்டியலை ஒருமுறை மொழிபெயர்த்தாலே ஆயிரக்கணக்கான பதிவுகளின் பண்புகள் மொழிபெயர்க்கப்பட்டுவிடும். விளக்கவுரைக்கு மட்டும்தான் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவார்.

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று, காலிப் புலம். எடைப் புலம் காலியாக இருக்கிறது என்றால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: இன்னும் எவரும் எடை போடவில்லை, இந்தப் பொருளுக்கு அந்தப் பண்பே கிடையாது, அல்லது தெரிந்தும் அச்சிட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரே வெற்றிடமாக விட்டுவிட்டால், அச்சுக்கு முந்தைய இரவு ‘இது ஏன் காலி?’ என்று நூறு தொலைபேசி அழைப்புகள் போக வேண்டியிருக்கும். ‘பொருந்தாது’, ‘வெளியிட வேண்டாம்’ என்ற இரண்டையும் தேர்ந்தெடுக்கக்கூடிய மதிப்புகளாகவே வைத்துவிடுங்கள். அதன் பிறகு காலி என்றால் வேலை பாக்கி என்பது மட்டுமே பொருள்.

படி 4: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

மேற்கண்ட மூன்று படிகளும் தாளும் பேனாவும் கொண்டே செய்யக்கூடியவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கருவி இப்போதுதான் வருகிறது. சில நூறு பொருள்கள், இரண்டு மூன்று குடும்பங்கள், திருத்துபவர் ஒருவர் என்றால், கட்டுப்பாடுகளோடு அமைக்கப்பட்ட ஒரு விரிதாளே போதும்; தாய்ப் பொருளுக்கு ஒரு தாள், வகைகளுக்கு ஒரு தாள், தேர்வுப் பட்டியல்களுக்கு ஒரு தாள். ஒரே நேரத்தில் பலர் திருத்த வேண்டும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு வேண்டும், ஒவ்வொருவருக்கும் அவருடைய புலங்கள் மட்டுமே திறந்திருக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் விரிதாள் தாங்காது.

அப்போது பி.ஐ.எம். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொருள் தகவல் மேலாண்மை மென்பொருள் தேவைப்படும். பிரான்சில் தோன்றிய அகெனியோ, ஆஸ்திரியாவில் தோன்றிய பிம்கோர் போன்றவை பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. குடும்பம், பண்பு, தாய்ப் பொருள், வகை ஆகியவை இவற்றில் ஏற்கெனவே அமைந்திருக்கும். ஒரு பதிவு எத்தனை விழுக்காடு நிறைவடைந்துள்ளது என்பதையும் திரையிலேயே காணலாம். வாங்குவதற்கு முன் விற்பனையாளரின் மாதிரித் தரவைக் கொண்டு செய்யப்படும் விளக்கத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முதற்படியில் தேர்ந்தெடுத்த அந்தச் சிக்கலான பொருளைக் கொடுத்து, அதை உங்கள் கண்முன் உள்ளிடச் சொல்லுங்கள். தரவு முழுவதையும் வெளியே எடுக்க முடியுமா என்பதையும் அன்றே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

படி 5: சுத்தம் செய்து உள்ளே ஏற்றுங்கள்

பழைய கோப்புகளை அப்படியே புதிய இடத்தில் கொட்டுவது, வீடு மாறும்போது குப்பைக்கூடையையும் கட்டி எடுத்துச் செல்வது போன்றது. ஒரு குடும்பத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரலில் உள்ள வேறுபட்ட மதிப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எக்செல்லின் பிவட் அட்டவணை இதை ஒரு நிமிடத்தில் செய்துவிடும். ‘நீலம்’ 212 முறை, ‘நீல நிறம்’ 9 முறை, பின்னால் ஓர் இடைவெளியோடு கூடிய ‘நீலம்’ 4 முறை என்று வரும்போது எதைச் சீர்செய்வது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

எண் நிரல்களில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் பாருங்கள். எல்லாக் குடுவைகளும் 200 முதல் 500 கிராமுக்குள் இருக்க, ஒன்று மட்டும் 0.31 என்று இருந்தால் அது கிலோகிராமில் எழுதப்பட்டது. இவ்வாறு கண்டுபிடித்த ஒவ்வொரு பிழையையும் திருத்துவதோடு நிற்காமல், அதே பிழை மறுபடி நுழையாதபடி ஒரு விதியாக எழுதிவையுங்கள்: இந்தக் குடும்பத்தில் எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது, பார்கோடு எண்ணின் சரிபார்ப்பு இலக்கம் பொருந்த வேண்டும், பெயரின் முன்னும் பின்னும் இடைவெளி இருக்கக் கூடாது. இப்படிச் சேரும் விதிகளே பின்னாளில் உங்கள் மெய்ப்புத் திருத்துநர்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் உரை இருந்தால், அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், எழுத்துருவை மாற்றியதும் பொருளற்ற லத்தீன் குறிகளாகிவிடும் உரையைத் தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது.

படி 6: படங்கள்

படங்களைத் தரவகத்தில் கைமுறையாக இணைத்துக்கொண்டிருந்தால் அது முடிவில்லாத வேலை. கோப்பின் பெயரே இணைப்பாகட்டும்: பொருள் எண், ஓர் அடிக்கோடு, 01 முதல் தொடங்கும் வரிசை எண். 01 என்றால் முன்பக்கத் தோற்றம், 02 என்றால் பயன்பாட்டில் உள்ள தோற்றம் என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக இருக்கட்டும். பெயரில் இடைவெளி, ‘இறுதி’, ‘புதிய இறுதி’ எதுவும் வேண்டாம்.

அச்சுக்கு, வைக்கப்படும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுவான தேவை. பக்கத்தில் 6 செ.மீ. அகலத்தில் வரும் படத்துக்கு 709 பிக்சல் அகலம் வேண்டும் (6ஐ 2.54ஆல் வகுத்து 300ஆல் பெருக்கினால் கிடைப்பது). இணையதளத்துக்காகச் சுருக்கிய படத்தை அச்சுக்கு எடுப்பதுதான் வழக்கமாக நிகழும் தவறு. மூலப் படத்தை மட்டும் மிகப் பெரிய அளவில் சேமித்து, மற்ற அளவுகளை அதிலிருந்து கணினியே உருவாக்கும்படி செய்யுங்கள். எந்தப் பொருளுக்குப் படம் இல்லை, எந்தப் படத்துக்குப் பொருள் இல்லை என்ற இரு பட்டியல்களை வாரந்தோறும் எடுப்பது நல்ல பழக்கம். இரண்டாவது பட்டியலில்தான் பெயர் தவறாக வைக்கப்பட்ட படங்கள் ஒளிந்திருக்கும்.

படி 7: வார்ப்புருவும் பக்க அமைப்பும்

இப்போது பக்கத்துக்கு வருவோம். வழிகள் மூன்று. முதலாவது, பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனிலேயே உள்ள ‘டேட்டா மெர்ஜ்’ என்ற வசதி. தரவை உரைக் கோப்பாகக் கொடுத்து, பக்கத்தில் புலங்களின் பெயர்களை உரிய இடங்களில் வைத்தால், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கட்டம் என நிரப்பித் தரும்; படத்துக்கான நிரலின் தலைப்பு @ குறியுடன் தொடங்க வேண்டும். எக்செல்லில் ‘யூனிகோடு உரை’ என்ற வடிவில் சேமித்துக் கொடுத்தால் தமிழ் சிதையாது. ஒரே மாதிரியான கட்டங்கள் வரிசையாக வரும் கேட்டலாக்குக்கு இது நன்றாக உதவும். ஆனால் குடும்பம் மாறும் இடத்தில் தலைப்பு வைப்பது, 12 வகைகளை ஓர் அட்டவணையாக ஒரே படத்தின் கீழ் தருவது போன்றவற்றை அது செய்யாது. நிரப்பி முடித்த பக்கத்துக்கும் தரவுக்கும் இடையே தொடர்பும் இருக்காது. விலை மாறினால் மீண்டும் முதலிலிருந்து நிரப்ப வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, அதே இன்டிசைனில் ஈஸிகேட்டலாக் போன்ற கட்டணச் செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) சேர்ப்பது. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எந்தப் பதிவின் எந்தப் புலத்திலிருந்து வந்தது என்பது நினைவில் வைக்கப்படும். வடிவமைப்பாளர் கட்டத்தை நகர்த்தி, படத்தைச் சரித்து, பக்கத்தை அழகுபடுத்திய பிறகும் விலையை மட்டும் புதுப்பிக்க முடியும். வடிவமைப்புக்கு முக்கியத்துவம் தரும் கேட்டலாக்குகளுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

மூன்றாவது, வடிவமைப்பாளரின் கை படாமல் முழுவதுமாகக் கணினி நிரல் (புரோகிராம்) வழியே பக்கங்களை உருவாக்குவது. தரவை இணையப் பக்கங்களின் மொழியான எச்.டி.எம்.எல். ஆக்கி, பக்கங்களின் தோற்றத்துக்கான சி.எஸ்.எஸ். விதிகளை எழுதி, பிரின்ஸ் என்ற மென்பொருள் அல்லது திறமூல மென்பொருளான வீசிபிரின்ட் மூலம் பி.டி.எஃப். ஆக்கலாம். திருகாணி, குழாய், உதிரிப் பாகம் போன்று ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அட்டவணைக் கேட்டலாக்குகளுக்கு இதைவிட ஏற்ற வழி கிடையாது. பொருளடக்கமும் எண் வரிசைச் சுட்டியும் தாமே உருவாகும். 300 பக்கத்தை இரவில் உருவாக்கி வைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம். ஆனால் ‘இந்தப் படத்தைச் சற்றே மேலே நகர்த்துங்கள்’ என்று கேட்கும் மேலாளர் இருக்கும் இடத்தில் இந்த வழி வேண்டாம்.

எந்த வழியானாலும், வார்ப்புருவை அழகான எடுத்துக்காட்டுகளை வைத்துச் சோதிக்காதீர்கள். தரவகத்திலுள்ள மிக நீளமான பெயர், மிகக் குறுகிய பெயர், ஒரே ஒரு வகை கொண்ட பொருள், மிக அதிகமான வகைகள் கொண்ட பொருள், படம் இல்லாத பொருள், விளக்கவுரை இல்லாத பொருள் ஆகிய ஆறையும் ஒரு பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஆறும் நின்றால் வார்ப்புரு நிற்கும். மொழிபெயர்ப்பு இருந்தால் இடத்தைத் தாராளமாக விடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் பெயர் தமிழில் இரண்டாவது வரிக்குப் போவது வழக்கம். இன்டிசைனில் தமிழுக்கு ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசர் என்ற எழுத்தமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ‘கெ’, ‘கை’ போன்ற எழுத்துகளில் முன்னால் வர வேண்டிய குறி பின்னால் போய் நிற்கும். வார்ப்புருவின் பத்தி நடையிலேயே இதை அமைத்துவிட்டால் பிறகு கவலையில்லை.

படி 8: மெய்ப்பும் அச்சும்

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் குலைகின்றன. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் குடுவை மூடியின் மூலப்பொருள் மாறியிருந்தது. மெய்ப்புப் பார்த்தவர் அதைச் சரியாகக் கண்டுபிடித்தார். அச்சகத்துக்கு அனுப்ப இரண்டு மணி நேரமே இருந்ததால் வடிவமைப்பாளர் பக்கத்திலேயே திருத்திவிட்டார். கேட்டலாக் சரியாக வெளிவந்தது. அடுத்த பதிப்பில் தரவகத்திலிருந்து பழைய மூலப்பொருள் மீண்டும் வந்தது. மறுபடியும் எவரோ கண்டுபிடிக்க, மறுபடியும் பக்கத்திலேயே திருத்தினோம். மூன்றாவது பதிப்பில் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே விதி இது: மெய்ப்பில் காணும் எந்தத் திருத்தத்தையும் பக்கத்தில் செய்யக் கூடாது, தரவகத்தில் திருத்தி, பக்கத்தை மீண்டும் உருவாக்க வேண்டும். இந்த விதி கடைசி நாளிலும் கடைப்பிடிக்கப்பட வேண்டுமென்றால், மீண்டும் உருவாக்குவதற்கு ஆகும் நேரம் குறைவாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தைப் புதுப்பிக்க அரை நாள் ஆகுமானால் மனிதர்கள் குறுக்குவழியைத்தான் எடுப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மெய்ப்புத் தாளில் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பொருள் எண்ணைச் சிறிய எழுத்தில் அச்சிட்டு வைத்தால், திருத்துபவர் தரவகத்தில் உரிய பதிவை நேரே திறக்க முடியும். இறுதி அச்சில் அந்த எண்களை மறைத்துவிடலாம்.

விலைகளுக்கு ஓர் உறைவு நாளைக் குறியுங்கள். அன்று தரவு முழுவதையும் நகலெடுத்து, கேட்டலாக் அந்த நகலிலிருந்தே உருவாகட்டும். இல்லையென்றால் 12ஆம் பக்கம் திங்கட்கிழமை விலையையும் 40ஆம் பக்கம் புதன்கிழமை விலையையும் காட்டும். உறைவு நாளுக்குப் பிறகு மாறியவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, அவற்றில் எவை அச்சுக்கு முன் சேர்க்கப்பட வேண்டியவை என்பதை உரியவர் ஒருவர் முடிவுசெய்யட்டும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை குறைவுதான். நடுவில் கம்பியிட்டுத் தைக்கும் புத்தகமானால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். வார்ப்புரு தானாகப் பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போகும் என்பதால் இது எளிதில் தவறும். ஓரம் வரை செல்லும் படங்களுக்கும் வண்ணங்களுக்கும் வெட்டு எல்லைக்கு வெளியே 3 மி.மீ. கூடுதல் வேண்டும். பி.டி.எஃப். எந்தத் தரத்தில் வேண்டும் என்று அச்சகத்தையே கேளுங்கள். பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ என்பார்கள், அல்லது பி.டி.எஃப்./எக்ஸ்-4 என்பார்கள். முன்னது நிறங்களை அச்சு வண்ணங்களுக்கு மாற்றி, ஒளியூடுருவும் அடுக்குகளைத் தட்டையாக்கிக் கொடுக்கக் கோருவது. பின்னது அவற்றை அப்படியே ஏற்பது.

அச்சுக்குப் போன பி.டி.எஃப்., அதை உருவாக்கிய உறைந்த தரவு நகல், பயன்படுத்திய வார்ப்புரு ஆகிய மூன்றையும் ஒரே கோப்புறையில், பதிப்பின் பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். எட்டு மாதங்கள் கழித்து ஒரு வாடிக்கையாளர் 37ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் விலையைப் பற்றி வாதிடும்போது, அந்த எண் எந்தப் பதிவிலிருந்து எந்த நாளில் வந்தது, அதை மாற்றியவர் யார் என்பதை அந்தக் கோப்புறையிலிருந்தே அவருக்குச் சொல்லிவிடலாம்.